குடியும் குடும்பும்: உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் குடியேற்ற நெறி

ஒரு குடும்பம் தான் பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு வேற்று நாட்டிற் சென்று தங்குமாயின், அஃது எந்நாளில் அந்நாட்டுக் குடும்பம் ஆகின்றது? மூட்டை முடிச்சுகளை இறக்கிவைத்த நாளிலா, புதுமனையில் பால் பொங்கிய நாளிலா, அன்றி அவ்வூரார் தம் ஏட்டில் அதன் பெயரை எழுதிக்கொண்ட நாளிலா? இவ்வினா பழமையானது, இன்றும் விடை வேண்டி நிற்பது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள கல்வெட்டுகளைத் துணையாகக் கொண்டு இதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். குடவோலை முறையின் சிறப்பினைப் பலரும் விரித்துரைத்துள்ளனர். ஆதலின் அதனை ஈண்டு மீண்டும் விரியாது, 'ஊரார் யாவர்?' என்னும் வினாவிற்கு அக்கல்வெட்டுகள் கூறும் விடையினை மட்டும் காண்போம்.

1. சொல் தரும் சான்று

குடி என்னும் சொல் தமிழில் வீட்டையும், அவ்வீட்டில் வாழும் குடும்பத்தையும், அக்குடும்பத்தின் மரபையும், அரசின்கீழ் வாழும் மக்களையும் ஒருங்கே குறிக்கும். குடிபுகுதல், குடியிருப்பு, குடிக்கூலி என்பன வீட்டைப் பற்றி வந்தன. திருக்குறளில் குடிமை, குடிசெயல்வகை என்னும் அதிகாரங்கள் மரபைப் பற்றி அமைந்தன. குடிமகன் என்னும் இக்கால வழக்கு நாட்டோடு உள்ள உரிமையைச் சுட்டுகின்றது. ஒரு வீட்டில் புகுந்து வாழ்தலே ஒருவனை நாட்டிற்கு உரியவன் ஆக்குகின்றது என்னும் கருத்து இச்சொல்லாட்சியில் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் குடும்பு என்னும் சொல் ஊர்ப்பிரிவு என்னும் பொருளில் வழங்குகின்றது. குடும்பம் என்பதனை வடசொல் என்பாரும், வடமொழி திராவிடத்தினின்று கொண்ட சொல் என்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், ஊரின் பகுதியைச் சுட்டும் சொல்லும் இல்லத்தாரைச் சுட்டும் சொல்லும் ஒலியால் இத்துணை நெருங்கி நிற்றல் கருதத்தக்கதேயாம்.

2. இலக்கியம் காட்டும் புதுக்குடி

வேற்று நாட்டிற் குடிபுகுந்த ஓர் இல்லறத்தாரைப் பற்றி நம் இலக்கியத்துள் விரிவாகக் கூறுவது சிலப்பதிகாரமே. பொருளிழந்த கோவலன் கண்ணகியுடன் சோழநாட்டுப் புகாரை நீங்கிப் பாண்டிநாட்டு மதுரையை அடைகின்றான். அவர்களை ஊர்க்கு அறிமுகம் செய்பவர் உடன்வந்த கவுந்தியடிகள். ஆய்ச்சியாகிய மாதரியிடம் அடைக்கலமாக அவர் கண்ணகியை ஒப்புவிக்கின்றார். மாதரி அவர்கட்குத் தனியே ஒரு மனையை அளிக்கின்றாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைக்கின்றாள். பின்னர்ப் புதிய கலங்களும், காய்களும், மாவும் வாழையும் ஆகிய கனிகளும், சாலி அரிசியும், ஆனின் பயனும் வந்து சேர்கின்றன. கண்ணகி தன் கையால் சமைத்துக் கணவனுக்கு உணவு படைக்கின்றாள்.

இந்நிகழ்ச்சியில் குடியேற்றத்தின் முதற்படிகள் மூன்று பெறப்படும். முதலாவது, சான்று கூறுவார் ஒருவர் இருத்தல். இரண்டாவது, தனக்கென ஒரு மனை அமைதல். மூன்றாவது, அம்மனையில் தன் வழக்கப்படி அடுப்பெரித்தல். ஆயர் சேரியில் இம்மூன்றும் அவர்கட்குக் கிடைத்தன. ஆயின் சிலம்பு விற்க நகருக்குட் சென்ற கோவலனுக்கு அங்கே சான்று கூறுவார் ஒருவரும் இலர். பொற்கொல்லன் சொல் ஊரறிந்தவன் சொல், கோவலனோ ஊரறியாதவன். ஆராயாது இடப்பட்ட ஆணைக்கு அவன் இரையானான். ஊழ் என்று காப்பியம் கூறுவது உண்மையே. எனினும் அவ்வூழ் செயற்பட்ட வழி, புதியோன் ஒருவனுக்கு நகரில் நிலையான இடம் இன்மையே என்க. அண்டைவீட்டார் அன்பு வேறு. ஊரின் ஏற்பு வேறு. முன்னது கிடைத்தும் பின்னது கிடையாமையால் ஒரு குடும்பம் அழிந்தது.

3. உத்தரமேரூர்ச் சபையின் விதி

ஊரின் ஏற்பு எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்பதற்கு உத்தரமேரூரே சிறந்த சான்று. இவ்வூர் எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், சதுர்வேதிமங்கலமாக அமைந்தது. அதாவது, இது வந்து குடியேறியவர்களால் ஆகிய ஊர். பல்லவர், சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில் நிலம் பெற்றோர் பலர் தம் பெயர்க்கு முன் பூர்விக ஊரின் பெயரைத் தாங்கி நிற்றலைச் செப்பேடுகளில் காண்கின்றோம். அவ்வூர்ப் பெயர்களுட் சில தெலுங்கு நாட்டைச் சார்ந்தவை என்பது ஆய்வாளர் கருத்து. குடும்பங்கள் தம் பழைய ஊரை மறந்தில. பெயரிலேயே அதனைச் சுமந்து வந்தன.

முதற் பராந்தகசோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919), 14-ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆயினர்.

921-ஆம் ஆண்டின் விதிப்படி, பெயர் எழுதப்படுதற்குரிய தகுதிகள் வருமாறு: இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை, தன் மனையில் அகம் எடுத்து அதில் இருத்தல், வயது முப்பத்தைந்திற்கு மேலும் எழுபதிற்கு உட்பட்டும் இருத்தல், மந்திர பிராமணம் கற்றிருத்தல், அறநெறியில் ஈட்டிய பொருளும் தூய ஒழுக்கமும் உடைமை, முன் மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதிருத்தல். கல்வி மிக்கோர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்னும் தளர்வும் உண்டு. முன்னைய 919-ஆம் ஆண்டு விதியில் வயதெல்லை முப்பது முதல் அறுபது வரை என இருந்தது. ஈராண்டிற்குள் சபை அதனைத் திருத்தியது.

இத்தகுதிகளுள் இல்லாத ஒன்றே ஈண்டு நாம் கருதவேண்டுவது. 'நீ எவ்வூரிற் பிறந்தாய்? உன் பாட்டன் எந்நாட்டான்?' என்னும் வினா அங்கே இல்லை. எத்தனை தலைமுறையாக இவ்வூரில் வாழ்கின்றாய் என்பதும் கேட்கப்படவில்லை. நிலம், அகம், அகவை, கல்வி, ஒழுக்கம் என்பனவே கேட்கப்பட்டன. அகம் கட்டி அதில் இருத்தல் என்பது உறுதிக்கு அடையாளம். நாளை நீங்குவோன் வீடு எடான். வீடு எடுத்தோன் ஏரியின் கரையைக் காப்பான் என்பதே இவ்விதியின் உட்கருத்து எனலாம். தந்திவர்ம பல்லவன் காலம் முதலே இவ்வூர்க் கல்வெட்டுகளிற் பேசப்படும் வயிரமேக தடாகம் என்னும் ஏரி இதனை விளக்கும். ஆண்டுதோறும் தூர் அகற்றாவிடின் ஏரி மேடாகும். ஏரி மேடானால் பழங்குடியின் வயலும் புதுக்குடியின் வயலும் ஒருங்கே காயும். தண்ணீர் பூர்விகம் பார்ப்பதில்லை.

குடும்பத்தைப் பற்றிய மற்றொரு விதியும் உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமன்று, அவன் உறவினர் பெயர்களும் குடத்தில் இடப்படா. தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், அத்தை மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் என உறவுகள் ஒவ்வொன்றாக எண்ணிக் கூறப்படுகின்றன. ஒருவன் பிழை உறவு முழுமையையும் தாக்கும். ஆகவே உறவு முழுமையும் ஒருவனைக் காக்கும். புதிதாக வந்த குடும்பம் அவ்வூரில் கொள்வினை கொடுப்பினை செய்தபின், அதன் நற்பெயர் ஊரின் நற்பெயரோடு பிணைந்துவிடும்.

4. விதிக்குப் புறம்பானோர்

இவ்விதியின் பெருமையைக் கூறுங்கால் அதன் எல்லையைக் கூறாது விடுதல் நேர்மையன்று. இச்சபை அந்தணர் சபை. பிறப்பே அதன் வாயில். பெண்டிர் பெயர் குடத்தில் விழுந்ததில்லை. வயலில் உழைத்தோர்க்கும், நெய்தோர்க்கும், மனை இன்றிப் பிறர் மனையில் ஒண்டியோர்க்கும் ஓலை இல்லை. ஏரியின் மண்ணைத் தலையிற் சுமந்தோர் ஏரி வாரியத்தில் அமர்ந்திலர். பூர்விக ஊரைக் கேளாத சபை, குலத்தையும் உடைமையையும் கேட்டது. ஆகவே, பொருளுடைய புதியோர்க்கு எளிதாகத் திறந்த கதவு, கையுழைப்பையே பொருளாகக் கொண்டோர்க்கு மூடியே கிடந்தது.

5. இன்றைய நிலை

இம்மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய தொழில்வட்டாரங்களுக்கு இன்று பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து உழைப்பாளர் வருகின்றனர். சிலர் குடும்பத்துடன் தங்குகின்றனர். அவர்கட்கு அரசியற் சட்டத்தின் 19-ஆம் உறுப்பு இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அளிக்கின்றது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவரே அங்கு வாக்காளர் ஆவர் என்கின்றது. அன்றியும், அத்தொகுதியில் வீடு உடைமை ஒன்று மட்டுமே ஒருவரை அங்கு வசிப்பவராக ஆக்காது என்றும் அச்சட்டம் தெளிவுறுத்துகின்றது. உத்தரமேரூர் விதியில் அகம் எடுத்தலும் அதில் இருத்தலும் சேர்ந்து கேட்கப்பட்டன. இன்றோ இருத்தலே போதும். குடிக்கூலி கொடுத்து வாழ்வோனும் ஊரானே. ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்துள் இதுவே தலையாயது எனலாம்.

ஆயினும் சட்டத்தின் கதவு திறந்திருத்தல் வேறு. குடும்பம் அதனுட் புகுதல் வேறு. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தால், வேற்று மாநில அட்டையுடையார் தமக்குரிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத் தானியத்தை இங்குப் பெறலாம். ஊரில் தங்கிவிட்ட பெற்றோர் எஞ்சிய பங்கினை அங்கே பெறலாம். மாதரி அளித்த சாலி அரிசியின் இடத்தில் இன்று அட்டை நிற்கின்றது. ஆனால் தமிழக அரசு தன் அட்டைதாரர்க்குத் தனியே வழங்கும் பொருள்கள் அதன்வழிக் கிடைப்பதில்லை.

குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாழ்த்தது என்பதைக் காரணமாகக் காட்டிப் பள்ளியிற் சேர்க்க மறுத்தல் கூடாது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பள்ளிகளிற் படிப்படியே கட்டாயப் பாடமாக்கியது. 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியற் சட்டத்தின் 350-அ உறுப்போ, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிப் பயிற்சிக்கு வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. காஞ்சியில் பல தலைமுறைகளாக வாழும் நெசவாளர் குடும்பங்களுள் வீட்டில் தெலுங்கும் சௌராட்டிரமும், தெருவில் தமிழும் வழங்குதல் கண்கூடு. அக்குடும்பங்கள் தாய்மொழியை இழந்து தமிழகத்தார் ஆகவில்லை. அதனோடு தமிழையும் சேர்த்துக்கொண்டு ஆயினர். புகார் நகரில் பல மொழியாளர் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை சிறப்பித்துக் கூறுதலும் இக்கருத்திற்கு அரண் செய்யும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு குடும்பம் புதுநாட்டில் நிலைபெறுதற்கு அடுப்பு, மனை, மொழி, ஊரேடு என்னும் நான்கும் வேண்டும் என்பது போதரும். முதல் மூன்றையும் குடும்பம் தன் முயற்சியாலும் அண்டைவீட்டார் துணையாலும் அடையலாம். நான்காவது ஊரார் கையில் உள்ளது. உத்தரமேரூர்ச் சபையோர் பூர்விகம் கேளாது விட்டமை நாம் கொள்ளத்தக்கது. உடைமையும் குலமும் கேட்டமை நாம் தள்ளத்தக்கது. அவர்கள் வந்தேறியவர்களே, தம் பெயர்களில் வேற்றூர்களைச் சுமந்தவர்களே. ஆயினும் அவ்வூரை ஆண்டவர்களும் அவர்களே. இன்று அக்கல்வெட்டுகளைக் காட்டி நம் முன்னோர் பெருமை பேசும் நாம், ஒரகடத்தில் ஒண்டுக் குடியிருக்கும் ஒரு வடபுலக் குடும்பத்தை எவ்வேட்டில் எழுதுகின்றோம் என்பதனைக் கொண்டே, அப்பெருமைக்கு நாம் உரியேமா என்பது துணியப்படும்.