காட்டுத் தீயைத் தடுத்தல்: வன முகாமைத்துவக் கொள்கையின் பங்கு



"காட்டுத் தீயைத் தடுக்கும் வழிகளைக் குறிப்பிடுக" என்று வினா வந்தால், "தண்ணீர் ஊற்றி அணைத்தல்" என்று எழுதுவோர் நம்மில் பலர். அது தீ பற்றிய பின் செய்யும் வேலை. வினா கேட்பது தடுத்தலைப் பற்றி. பெருந்தீயைத் தடுக்கும் வேலை, தீ பற்றுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு இப்பாடத்தை வாசியுங்கள்.

1. நமக்கு இதனால் என்ன?

அக்கரைப்பற்றில் இருக்கும் நமக்கு மலைநாட்டுத் தீயால் என்ன வந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். நமது வயல் வட்டைகளுக்குச் சிறுபோகத்தில் பாய்வது கல்லோயாவின் நீர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றும் இந்த ஆறு, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேக்கப்படுகின்றது. அதன் நீரேந்துப் பிரதேசத்தைப் பாதுகாப்பதற்காகவே 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது. சரிவுகளிலுள்ள புல்லும் சருகும் எரிந்து போனால், மாரி மழை வெறும் மண்ணில் விழும். நீர் நிலத்தினுள் ஊறாமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அம்மண் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும். மலையில் எரிந்த தீயின் நட்டம் இவ்வாறு நமது வாய்க்கால் வரை வந்து சேரும்.

2. தீ ஏன் உண்டாகின்றது?

தீ எரிய மூன்று தேவை: எரிபொருள், ஒட்சிசன், வெப்பம். தென்மேல் பருவப் பெயர்ச்சிக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்கும் நமது கரைக்கும் வறண்ட காற்றாக வருகின்றது. நாம் கச்சான் என்று சொல்வது இதைத்தான். இக்காலத்தில் பதுளை மாவட்டத்தின் பத்தனைப் புல்வெளிகளில் மானாப் புல் காய்ந்து கிடக்கும். பைனஸ் தோட்டங்களில் எண்ணெய்த் தன்மையுள்ள ஊசியிலைகள் நிலத்தை மூடிக் கிடக்கும்.

ஆயினும் தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதனே. இளம்புல் முளைப்பதற்காக மாடு வளர்ப்போரும், விலங்குகளை வெளியே வரச் செய்வதற்காக வேட்டைக்காரரும், சேனை வெட்டுவோரும் தீ வைக்கின்றனர். அணைக்காமல் வீசப்படும் சிகரட் துண்டும் போதும்.

கச்சானை எந்தச் சட்டத்தாலும் நிறுத்த முடியாது. எரிபொருளையும் மனித நடத்தையையும் மட்டுமே கொள்கையினால் மாற்றலாம். பின்வரும் வழிகள் யாவும் இவ்விரண்டில் ஒன்றையே நோக்குகின்றன.

3. தடுக்கும் வழிகள்

அ) தீத்தடுப்புப் பட்டிகள் அமைத்தல்: அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும்போது, புல் செதுக்கிய அகலமான வரம்பில் தீ நின்றுவிடுவதைக் கண்டிருப்பீர்கள். காட்டின் எல்லையிலும் இவ்வாறே எரியக்கூடியவற்றை நீக்கிய பட்டிகள் வேண்டும். வறட்சிக்கு முன்பே அவற்றைத் துப்புரவு செய்ய வேண்டும்.

ஆ) தோட்டக் காடுகளை மாற்றுதல்: ஒரே இன மரங்களைக் கொண்ட பைனஸ் தோட்டங்கள் இலகுவில் எரிவன. சிங்கராஜ வனத்தின் எல்லையில் 1990களில் பைனஸ் மரங்களுக்கிடையே உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் ஆய்வு தொடங்கியது. அம்முறை பயன் தந்துள்ளது. கலப்புக் காட்டில் நிழலும் ஈரமும் அதிகம்.

இ) மக்களைப் பங்காளிகளாக்குதல்: காட்டினால் பயன் பெறுபவன் அதற்குத் தீ வைக்கமாட்டான். 2012இல் தொடங்கிய சமூக வனவியல் திட்டம் போன்றவற்றின் அடிப்படை இதுவே. மாடு வளர்ப்போருக்கு மேய்ச்சல் நிலம் ஒதுக்காமல் தண்டனை மட்டும் வழங்கினால் தீ குறையாது.

ஈ) சட்டமும் நுழைவுக் கட்டுப்பாடும்: 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றம். 2018 மார்ச் 11இல் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றோர் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின்னரே அங்கு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. விதி முதலில் வந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும்.

உ) முன்னெச்சரிக்கை: செய்மதிகள் தீயின் வெப்பத்தை இனங்காண்கின்றன. அத்தகவல் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், அங்கிருந்து கிராமத்துக்கும் விரைவாகச் சேர வேண்டும்.

4. சிந்தனைக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 1935இல் ஒரு விதி வந்தது. எந்தக் காட்டுத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும் என்பதே அது. சிறு தீக்கள் அணைக்கப்பட, சருகும் செடிகொடிகளும் ஆண்டுக்காண்டு சேர்ந்தன. பின்னர் தீ பற்றியபோது கட்டுக்கடங்கவில்லை. 1970களில் அவ்விதி கைவிடப்பட்டது. இன்று அங்கு தகுந்த காலநிலையில் நிபுணரின் மேற்பார்வையில் சிறிதளவு எரித்து எரிபொருளைக் குறைக்கின்றனர். அவுஸ்திரேலியாவின் பழங்குடியினர் இம்முறையைப் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

இதை அப்படியே இலங்கைக்குப் பொருத்தி எழுதிவிடாதீர்கள். அங்கு சிறு தீக்கள் குறைந்தது பிரச்சினை; இங்கு மனிதன் மூட்டும் தீக்கள் கூடியதே பிரச்சினை. நமது மலைநாட்டு ஈரக் காட்டு மரங்கள் தீக்குப் பழக்கப்பட்டவையல்ல. எனவே நமக்கு முதலில் வேண்டியவை அ முதல் உ வரையுள்ள வழிகளே. நாட்டுக்கேற்பக் கொள்கை வேறுபடும் என்று காரணத்துடன் விளக்கும் விடைக்கே கூடிய புள்ளி கிடைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. ஊவாப் பிரதேசத்தில் காட்டுத் தீ அதிகம் ஏற்படுவதற்கான பௌதிகக் காரணம் ஒன்றையும் மானிடக் காரணம் இரண்டையும் தருக.
2. தீத்தடுப்புப் பட்டி செயற்படும் விதத்தை விளக்குக.
3. "நீரேந்துப் பிரதேசத்தின் தீ, கரையோர விவசாயியின் பிரச்சினையாகும்." கல்லோயாவை உதாரணமாகக் கொண்டு ஆராய்க.

மூன்றாம் வினாவை எழுதுமுன் உங்கள் வீட்டில் வேளாண்மை செய்பவர் ஒருவரிடம், சிறுபோகத்தில் தண்ணீர் தட்டுப்பட்ட ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடையின் பாதி அங்கேயே கிடைக்கும்.