வான்குதிப்புப் பள்ளியும் படக்கருவியும்

பறவையைக் கண்டு பறக்க ஆசைப்பட்ட மனிதன் விமானத்தைப் படைத்தான். படைத்த பின்னும் அவன் ஆசை அடங்கவில்லை. பறக்கும் விமானத்தின் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதிக்கத் தொடங்கினான்! உயிரின் அருமை தெரியாதவர்கள் செய்யும் வேலை இது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. வீரர்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. இவ்விரு கருத்துகளுமே உண்மைக்குச் சற்றுத் தொலைவில் நிற்பவை என்பது என் எண்ணம். வான்குதிப்புப் பள்ளி முதலில் கற்பிப்பது துணிச்சலை அன்று; ஒழுங்கை. அந்த ஒழுங்கிற்குப் படக்கருவி எப்போது துணையாகிறது, எப்போது பகையாகிறது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நான் விமானத்திலிருந்து குதித்தவன் அல்லன். இராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிய தெருவில் வளர்ந்து, இக்கல்லூரியில் இயற்பியல் பயின்று, தேசிய மாணவர் படையில் அணிவகுப்பவன். அந்த மூன்று தொடர்பும் இப்பொருளைப் பற்றி எழுத எனக்குப் போதிய காரணங்களாயின.

முதலில் குதித்தவர்கள்

இந்தியாவில் பாராசூட் பயிற்சி போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், தில்லி வில்லிங்டன் விமானத்தளத்தில் இதற்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அவ்வாண்டில் பாராசூட்டில் குதித்து முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றவர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152ஆவது இந்தியப் பாராசூட் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாயிருந்த லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். ஆம், அவர் ஒரு மருத்துவர்! துப்பாக்கி ஏந்திய கை மட்டுமன்று, நாடி பிடிக்கும் கையும் பாராசூட்டின் கயிற்றைப் பிடித்தது.

பின்னர் கொரியப் போர் மூண்டபோது, 1950இல் இந்தியா அங்கே அனுப்பிய 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் பாராசூட் படையினர் குதித்தபோது, அவரும் அவருடைய சிறு குழுவினரும் உடன் குதித்துக் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தனர். மகாவீர் சக்கரம் அவரைத் தேடி வந்தது. குதிப்பது அவருக்கு நோக்கமன்று. நோயாளியிடம் போய்ச் சேரும் வழி. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

நாடு விடுதலை பெற்ற பின் இப்பயிற்சிக்கு இருப்பிடமானது ஆக்ரா. அங்குள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதித்து முடித்த படைவீரருக்கே மார்பில் சிறகுச் சின்னம் அணியும் உரிமை உண்டு. அவற்றுள் ஒன்று இரவுக் குதிப்பு. தேசிய மாணவர் படையினரும் தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கே பயிற்சி பெற்றிருக்கின்றனர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

பெண்களும் பின்தங்கவில்லை. இரயில்வேயில் பணிபுரிந்த ரேச்சல் தாமஸ் 1979இல் குதிக்கத் தொடங்கி, 2002இல் வட துருவத்தின் மேல் குதித்தார். புனே நகரைச் சேர்ந்த சீதல் மகாஜன் 2004இல் தம் வாழ்வின் முதல் குதிப்பையே வட துருவத்தில் நிகழ்த்தினார். 2018இல் தாய்லாந்தில் மராத்தியப் பெண்களின் ஒன்பது கஜச் சேலையைக் கட்டிக்கொண்டு 13,000 அடி உயரத்திலிருந்து குதித்தவரும் இவரே. இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விழுவதன் கணக்கு

விமானத்திலிருந்து விழுபவரின் வேகம் தரையைத் தொடும்வரை கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கக்கூடும். காற்று இல்லாவிட்டால் அப்படித்தான் நேரும். ஆனால் காற்று கீழிருந்து அவரைத் தாங்கித் தடுக்கிறது. வேகம் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் உடலின் எடையும் காற்றின் தடையும் சமமாகி விடுகின்றன. வயிறு கீழ்நோக்க, கைகால்களை விரித்து விழுபவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் என்னும் அளவில் நின்றுவிடும். இதனை முடிவு வேகம் என்கிறோம்.

இந்தக் கணக்கில்தான் பள்ளியின் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 13,000 அடியில் குதித்தவர் 5,000 அடிக்கு வந்து சேர ஏறத்தாழ 50 விநாடிகள் ஆகும். 3,000 அடி உயரத்தில் பாராசூட்டை விரிக்க மறந்தாலோ, தரையைத் தொட மீதமிருப்பது 17 விநாடிகளே! ஒரு தேநீரை ஆற்றிக் குடிக்கும் நேரம்கூட அன்று. அதற்குள் சிந்தித்து முடிவெடுக்க எவராலும் இயலாது. சிந்தனையைத் தரையிலேயே முடித்துவிட்டு, வானத்தில் கையை மட்டும் இயக்க வேண்டும். அதற்காகவே பள்ளி.

பள்ளியில் நடப்பது என்ன?

படையினருக்கு மட்டுமே உரியதாயிருந்த இக்கலையைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் வணிகப் பள்ளியை 1959இல் அமெரிக்காவின் ஆரஞ்சு என்னும் சிற்றூரில் ஜாக் இஸ்டெல் என்பவர் தொடங்கினார். இன்று உலகெங்கும் கற்பிக்கும் முறைகள் மூன்று. முதல் முறையில், விமானத்தில் கட்டப்பட்ட நாடாவே மாணவரின் பாராசூட்டை இழுத்து விரித்துவிடும். இரண்டாவதில், மாணவர் ஆசிரியரின் மார்போடு பிணைக்கப்பட்டு, இருவரும் ஒரே பாராசூட்டில் இறங்குவர். மூன்றாவதில், மாணவர் தம் பாராசூட்டைத் தாமே சுமந்து குதிப்பார். தொடக்கத்தில் இரு ஆசிரியர்கள் இருபுறமும் அவரைப் பிடித்துக்கொண்டு உடன் விழுவார்கள்.

பள்ளியை நடத்துபவருக்கு விமானமும் விமானியும் இருந்தால் மட்டும் போதாது. காற்றை அளப்பவர் வேண்டும். பாராசூட்டை மடிப்பவர் வேண்டும். ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். முதலாவது விரியாமற்போனால் அதனைக் கழற்றிவிட்டு இரண்டாவதை விரிக்க வேண்டும். அந்த அவசரப் பாராசூட்டை உரிமம் பெற்ற ஒருவரே மடிக்கலாம். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் 180 நாட்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மீண்டும் மடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. குதிப்பவர் மயங்கிவிட்டாலும், ஏறத்தாழ 750 அடியில் அவர் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருப்பதை உணர்ந்து, அவசரப் பாராசூட்டைத் தானே விடுவிக்கும் சிறு கருவியும் உண்டு.

இவை அனைத்திற்கும் மேலானது சோதனை. அணியும் முன் ஒருமுறை, விமானத்தில் ஏறும் முன் ஒருமுறை, குதிக்கும் முன் ஒருமுறை என மூன்று முறை ஒவ்வொரு வாரும் கொக்கியும் பார்க்கப்பட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் பகுதியில் பணிபுரிந்த என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிதும் வியக்கவில்லை. “பெட்டியோட நாலு மூலையிலும் பூட்டு விழுந்துச்சான்னு பார்க்காம ஒரு கன்டெய்னரையும் தூக்க மாட்டோம்டா. சிக்னல் காட்டுறவனுக்கு வேற வேலையே கொடுக்க மாட்டாங்க. பார்க்குறதுதான் அவன் வேலை” என்றார். 1983இல் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் நம் சென்னைத் துறைமுகத்தில் அமைந்தது. அன்று முதல் எத்தனையோ பெட்டிகள் இப்படிப் பார்த்துப் பார்த்தே தூக்கப்பட்டிருக்கின்றன. வான்குதிப்புப் பள்ளியின் இலக்கணமும் இதுவே: பார்ப்பவன் பார்க்க மட்டுமே வேண்டும்.

படக்கருவி வந்த கதை

தனியே விழும் மாணவர் செய்த பிழையை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது? ‘உன் வலது கால் மடங்கியிருந்தது’ என்று ஆசிரியர் சொல்வார். ‘இல்லையே’ என்பார் மாணவர். அச்சத்தில் அவருக்கு ஒன்றும் நினைவிராது. இங்கேதான் படக்கருவி ஆசிரியருக்குக் கைகொடுத்தது. தலைக்கவசத்தில் கருவியைப் பொருத்திய ஒருவர் உடன் விழுந்து படம் எடுப்பார். கைகள் சமநிலைக்குத் தேவைப்படுவதால், நிழற்படக் கருவியின் விசையை வாயில் கடித்து இயக்கும் முறையும் வந்தது. படச்சுருளைக் கழுவிப் பார்க்கக் காத்திருந்த காலம் போய், வீடியோ வந்தபின், இறங்கிய சில நிமிடங்களிலேயே மாணவர் தம் மடங்கிய காலைத் தாமே கண்டார். வாதம் முடிந்தது, பாடம் தொடங்கியது!

இத்துறையின் முன்னோடிகள் பெருவிலை கொடுத்தவர்கள். தலையில் கருவி பொருத்திப் படம் எடுத்தவர்களுள் முன்னவரான பாப் புக்கோர், 1966இல் ஒரு திரைப்படத்திற்காகக் குதித்தபோது கலிபோர்னியக் கடலில் விழுந்து மூழ்கி இறந்தார். 1969இல் வெளியான ‘தி ஜிப்சி மாத்ஸ்’ திரைப்படத்தின் வான்காட்சிகளை எடுத்த கார்ல் போனிஷ், 1984இல் நார்வே நாட்டு மலைமுகட்டிலிருந்து குதித்து உயிர் நீத்தார்.

பாடத்துக்கு வந்த படக்கருவி பிறகு பள்ளிக்கு வருமானமும் தந்தது. ஆசிரியரோடு பிணைந்து ஒரே ஒரு முறை குதிக்க வருபவர்கள், அக்காட்சியை வீட்டாருக்குக் காட்ட விரும்புவார்கள் அல்லவா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எனவே படம் எடுப்பவர் இறங்கியதும் படத்தைச் சரிபார்த்து, தம் பாராசூட்டை மடித்து, அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டியவரானார். ஓட்டம் மிகுந்த இடத்தில் ஒழுங்கு தளர்வது இயல்பு.

1988 ஏப்ரலில் நடந்தது

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் ஒரு பாராசூட் பள்ளி. எண்ணூறு முறைக்கு மேல் குதித்த அனுபவசாலி ஒருவர், மாணவர் ஒருவரும் ஆசிரியரும் குதிப்பதைப் படமெடுக்க உடன் சென்றார். அன்று அது அவருக்கு மூன்றாவது குதிப்பு. தலைக்கவசத்தில் கருவி, அதற்குரிய பதிவுப்பெட்டியும் உடலோடு கட்டப்பட்டிருந்தது. கதவு திறந்தது. மாணவரும் ஆசிரியரும் குதித்தனர், அவரும் குதித்தார். அழகாகப் படமெடுத்தார். அவர்களுடைய பாராசூட் விரிந்தது. தம்முடையதை விரிக்க அவர் கையை நீட்டினார். அங்கே பாராசூட் இல்லை. அணிய மறந்தே விமானத்தில் ஏறியிருந்தார்!

அந்தப் படச்சுருள் கிடைத்தது, அவர் பிழைக்கவில்லை. பதிவுப்பெட்டியின் சுமையையே பாராசூட்டின் சுமையென உடல் எண்ணியிருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது.

இதை ஒருவரின் மறதி என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. புதியவர் எவரும் பாராசூட்டை மறக்கமாட்டார். அச்சம் அவருக்கு அதனை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். எண்ணூறு முறை குதித்தவரையோ யாரும் சோதிப்பதில்லை. அவரும் தம்மைச் சோதிப்பதில்லை. கண் முழுதும் சட்டத்துக்குள் விழப்போகும் காட்சியிலேயே நிற்கிறது. மூன்று சோதனைகளில் ஒன்று, ஒன்றே ஒன்று, நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

அமெரிக்கப் பாராசூட் சங்கம், 200 முறை குதித்து முடிக்காதவர் படக்கருவியோடு குதிக்க வேண்டா என்று அறிவுறுத்துகிறது. இன்றைய கருவி தீப்பெட்டி அளவே இருந்தாலும் அந்த எண் குறையவில்லை. கருவியின் எடை குறைந்திருக்கிறது. அது கவனத்தை இழுக்கும் இழுப்புக் குறையவில்லை.

நம் பகுதிக்கு என்ன?

இராயபுரத்திலோ எண்ணூரிலோ இத்தகைய பள்ளி அமையுமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. அமையாது என்பதே விடை. திறந்த வெளியும், விமானப் போக்குவரத்து நெருக்கமில்லாத வானமும் வேண்டும். நமக்கோ ஒருபுறம் கப்பலும் கிரேனும், மறுபுறம் புகைபோக்கியும் உயரழுத்த மின்கம்பியும், எதிரே கடல். தனியே குதிக்கும் மாணவருக்குக் காற்று மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வீசக்கூடாது என்று அமெரிக்கச் சங்கம் வரம்பு கட்டியிருக்கிறது. பிற்பகலில் எழும் நம் கடற்காற்று எந்த வரம்புக்குக் கட்டுப்படும்? ஹரியானாவின் நார்னவுல் போன்ற திறந்த நிலப்பகுதிகளுக்கே இது ஏற்றது.

ஆனால் பள்ளி அமையாவிட்டாலும் அதன் பாடம் நமக்கு வேண்டும். திருவொற்றியூர்க் கரையில் தூண்டில் வளைவின் கற்கள் மேல், அலை எழும் நேரம் பார்த்துக் கைபேசியை நீட்டி நிற்கும் இளைஞர்களை நாள்தோறும் காண்கிறேன். கும்மிடிப்பூண்டி இரயிலின் படிக்கட்டில் ஒரு கையால் தொங்கி, மறு கையால் தம்மைப் படமெடுப்பவர்களும் நம் வகுப்புத் தோழர்களே. அவர்களிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு மூன்று முறை சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. இரண்டாவது பாராசூட்டும் இல்லை.

கடலுக்குப் புறப்படும் காசிமேட்டு மீனவர் காற்றைப் பார்க்கிறார், கயிற்றைப் பார்க்கிறார், எஞ்சினைப் பார்க்கிறார். பிறகே கரையை விடுகிறார். அவரைக் கோழை என்று எவரும் சொல்வதில்லை. முன்சானில் குதித்த மருத்துவரும் அவ்வாறு பார்த்த பின்னரே குதித்திருப்பார். காத்திருந்த காயமுற்றோருக்கு அவர் உயிரோடு தரையிறங்குவது தேவையாயிருந்தது. நமக்காகவும் வீட்டில் சிலர் காத்திருக்கிறார்கள். படம் எடுப்போம், நண்பர்களே. எடுக்கும் முன் காலடியைப் பார்ப்போம், கைப்பிடியைப் பார்ப்போம், அருகில் நிற்பவனையும் பார்ப்போம்.