திரைச்சீலையில் தைத்த ஆடை

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்ட மார்கரெட் மிட்செலின் நாவல் 'கான் வித் த விண்ட்' 1936-இல் வெளியானது. நாயகி ஸ்கார்லெட் ஓஹாராவுக்கு அடுத்தடுத்து மூன்று கணவர்கள். மனமோ நெடுங்காலம் ஆஷ்லி என்பவன் மேல். போர் முடிந்ததும் அவள் குடும்பத்தின் டாரா பண்ணைக்கு வரி கட்ட 300 டாலர் தேவை. வெல்வெட் திரைச்சீலையில் ஆடை தைத்து உடுத்திக்கொண்டு, சிறையிலிருக்கும் செல்வந்தன் ரெட் பட்லரிடம் பணம் கேட்கப் போகிறாள். கிடைக்கவில்லை. சளைப்பாளா? தங்கையை மணக்க இருந்த ஃபிராங்க் கென்னடியைத் தானே மணந்து வரியைக் கட்டிவிடுகிறாள்! இத்தனைக்கும் நடுவில் அவளை விட்டுக்கொடுக்காதவள் யார் தெரியுமா? ஆஷ்லியின் மனைவி மெலனி. ஆனால் டாரா, அடிமைகளின் உழைப்பில் செழித்த பருத்திப் பண்ணை. அவர்கள் பட்ட பாட்டை நாவல் மழுப்பிவிட்டது என்ற கண்டனம் நியாயமானதே.