யாருடைய சாவி என்று கேட்காத பூட்டு

நம் சங்கத்துக் குடும்பங்களில் மென்பொருள் துறையில் ஒருவர்கூட இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மகனோ, மகளோ, மாப்பிள்ளையோ, யாராவது ஒருவர் இருப்பார். "ஆபீஸில் என்னப்பா வேலை?" என்று கேட்டால் "புரோகிராம் எழுதறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதியதை எங்கே வைக்கிறாய் என்று எந்தப் பெற்றோரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அது கேட்க வேண்டிய கேள்விதான். அந்த இடத்தின் பூட்டில் இருந்த ஓர் ஓட்டை 2026 பிப்ரவரியில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. சிறிய அலுவலகம் ஒன்றில் இப்படிப்பட்ட சர்வரைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில், கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் புரியும்படி அதை விளக்க முயல்கிறேன்.

ஒரு புரோகிராமைப் பத்துப் பேர் சேர்ந்து எழுதும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதற்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை வைப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது 'கிட்'. கிட் முறையில் எழுதிய புரோகிராம்களை எல்லோருக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைக்க ஒரு கிடங்கு தேவை. பெரும்பாலோர் 'கிட்ஹப்' போன்ற வெளி நிறுவனங்களின் கிடங்கைப் பயன்படுத்துகிறார்கள். சிலருக்கு அது சரிப்படாது. "எங்கள் புரோகிராம் உங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது" என்று வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார். அல்லது மாதச் சந்தா கட்டுப்படியாகாது. இவர்கள் சொந்த சர்வரிலேயே கிடங்கு அமைத்துக்கொள்கிறார்கள். அதற்கான இலவச மென்பொருள்களில் ஒன்று 'கோக்ஸ்'. 2014இல் தொடங்கியது. மிகச் சிறியது, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில்கூட ஓடும். அதனாலேயே சின்னக் கம்பெனிகளுக்கும் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கும் பிடித்துப்போனது.

கிடங்கில் இருப்பது வெறும் எழுத்துதானே என்று நினைத்துவிடக் கூடாது. டேட்டாபேஸின் பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைக்கும் பழக்கம் எத்தனை சொல்லியும் போகவில்லை. அதைவிட மோசம், உள்ளே நுழைந்தவன் எதையும் எடுக்காமல் நாலு வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விடலாம். அந்த நாலு வரி அடுத்த மாதம் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் கம்ப்யூட்டருக்கும் முறைப்படி போய்ச் சேரும்.

எனவே பூட்டு வேண்டும். ஒரு பூட்டு போதாது என்பது வங்கி வாடிக்கையாளர்களான நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட, கார்டில் அச்சடித்த எண்கள் மட்டும் போதாது, இன்னொரு ரகசியமும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. போனுக்கு ஓ.டி.பி. வருவது அந்த வழியில் வந்ததுதான். புரோகிராம் கிடங்குகளில் பெரும்பாலும் எஸ்.எம்.எஸ். கிடையாது, போனில் ஒரு செயலி இருக்கும். முதல் நாள் சர்வரும் அந்தச் செயலியும் ஒரு நீண்ட ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு இருவரும் அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, 30 வினாடிக்கு ஒருமுறை ஒரே 6 இலக்க எண்ணைத் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். இணையமே இல்லாத இடத்திலும் போன் சரியான எண்ணைக் காட்டும் ரகசியம் இதுதான். 2011இல் தரநிர்ணயம் செய்யப்பட்ட இந்த முறையில் இன்றுவரை பெரிய குறை சொல்ல முடியாது.

சரி, போன் தொலைந்துவிட்டால்? லோக்கல் ரயிலில் பறிபோகும் போன்கள் கொஞ்சமா? அதற்காகத்தான் மீட்புக் குறியீடுகள் தருகிறார்கள். கோக்ஸ் ஒவ்வொருவருக்கும் 10 குறியீடுகள் கொடுக்கும். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பிறகு அது செல்லாது. ஓட்டை இருந்தது இந்தக் குறியீடுகளைச் சரிபார்க்கும் இடத்தில்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூரில் அடுத்த ரயிலைப் பிடிக்கும்வரை கிளோக் ரூமில் பெட்டியை வைத்தவர்கள் நம்மில் பலர். ரசீது எண்ணைப் பார்த்து, அதே எண் ஒட்டிய பெட்டியைக் கொடுப்பார்கள். அங்கே இருப்பவர் ரசீது உண்மையானதா, ஏற்கனவே பயன்படுத்தியதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "எந்தப் பெட்டி சார் வேணும்?" என்று நம்மையே கேட்டால் எப்படியிருக்கும்? நான் என் பழைய டிரங்குப் பெட்டிக்கான ரசீதைக் காட்டி, பக்கத்துக்காரரின் நகைப் பெட்டியை வாங்கிப் போகலாம்.

கோக்ஸ் செய்தது இதையேதான். ஒருவர் மீட்புக் குறியீட்டைத் தட்டினால், இது பட்டியலில் இருக்கிறதா, இதுவரை பயன்படாததா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டது. இது யாருடையது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. ஆக, அதே சர்வரில் எனக்கென்று ஒரு கணக்கு இருந்து, உங்கள் பாஸ்வேர்டும் எனக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் பெயரில் நுழைந்து, இரண்டாவது பூட்டுக்கு என்னுடைய குறியீட்டையே காட்டலாம். கதவு திறந்துவிடும். 0.13.3 வரையிலான பதிப்புகளில் இது இருந்தது. சி.வி.இ. 2025-64175 என்பது உலகப் பட்டியலில் இதற்கு அளித்துள்ள எண்.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது ஒன்று உண்டு. பாதிக்கப்படுபவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பயனில்லை. போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். அவருடைய 10 குறியீடுகளும் பீரோவில் அப்படியே இருக்கும். எண்ணிப் பார்த்தாலும் குறையாது. குறைவது திருடனுடைய குறியீடுகளில் ஒன்றுதான்! புதிய குறியீடுகளை மாற்றி எடுத்துக்கொண்டாலும் பலனில்லை, ஏனென்றால் அவனுக்கு அவை தேவையே இல்லை.

"பாஸ்வேர்டு தெரிந்தால்தானே இதெல்லாம்?" என்று என் நண்பர் ஒருவர் அலட்சியமாகச் சொன்னார். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதல்ல. பாஸ்வேர்டு ஒருநாள் வெளியே தெரிந்துவிடும் என்று எண்ணித்தானே இரண்டாவது பூட்டையே போடுகிறோம்? ஒரே பாஸ்வேர்டை மளிகைக் கடை இணையதளத்துக்கும் ஆபீஸுக்கும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! தவிர, அதே சர்வரில் கணக்கு வேண்டும் என்பதும் பெரிய தடையில்லை. கோக்ஸை நிறுவியபடியே விட்டால், வருகிற யாரும் தாமே பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் இருக்கும்.

இரண்டாவது பூட்டின் அருமை 2024 ஜனவரியில் நன்றாகத் தெரிந்தது. சொந்த சர்வரில் நிறுவும் இன்னொரு மென்பொருளான 'கிட்லேப்'பில், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்பவருக்கு வரும் கடிதத்தை அன்னியரின் மின்னஞ்சலுக்கும் திருப்பிவிட முடியும் என்று கண்டுபிடித்தார்கள். ஆபத்துக்குப் பத்துக்குப் பத்து மார்க் வாங்கிய ஓட்டை அது. அப்போதும் இரண்டாவது பூட்டு போட்டிருந்தவர்களின் பாஸ்வேர்டைத்தான் மாற்ற முடிந்தது, உள்ளே போக முடியவில்லை. அதே கிட்லேப்பில் 2026 ஜனவரியில் இரண்டாவது பூட்டிலேயே ஒரு கோளாறு திருத்தப்பட்டது. சரிபார்க்கும் பகுதி கொடுத்த விடையைக் கேட்ட பகுதி பார்க்காமலே மேலே போய்விட்டதாம். வாட்ச்மேன் "வேண்டாம்" என்று தலையாட்டியதை யாரும் திரும்பிப் பார்க்காத கதை.

இத்தகைய தவறுகள் எப்படிக் கண்ணில் படாமல் போகின்றன? சோதிக்கும் முறையைப் பார்த்தால் புரியும். சோதிப்பவர் தன் கணக்கில், தன் குறியீட்டைத் தட்டுவார்; திறக்கும். தப்பான குறியீட்டைத் தட்டுவார், திறக்காது. இரண்டுக்கும் டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். அடுத்தவர் குறியீட்டைத் தன் கணக்கில் போட்டுப் பார்க்க, கொஞ்சம் திருட்டுப் புத்தி வேண்டும். நல்ல பிள்ளைகளுக்கு அது எளிதில் வருவதில்லை.

கோக்ஸ் வைத்திருப்பவர்கள் 0.13.4க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ மாற வேண்டும். உடனே முடியாவிட்டால், தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, சர்வரை அலுவலக வலைக்குள் மட்டும் தெரியும்படி வைக்கலாம். 2025 டிசம்பரில் 'விஸ்' என்ற பாதுகாப்பு நிறுவனம், கோக்ஸின் வேறொரு ஓட்டை பற்றிய அறிக்கையில், இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 1,400 கோக்ஸ் சர்வர்களில் 700க்கு மேற்பட்டவற்றில் ஊடுருவல் நடந்திருந்ததாகச் சொன்னது. சின்னக் கம்பெனியை யார் சீந்தப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

புதிய பதிப்பைப் போட்டதோடு வேலை முடியாது. இந்த வழியாக ஏற்கனவே யாராவது உள்ளே வந்திருந்தால், முதல் காரியமாகத் தன்னுடைய எஸ்.எஸ்.எச். சாவியை உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டுப் போயிருப்பான். அந்தச் சாவிக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், 6 இலக்க எண்ணும் வேண்டாம். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அது செல்லும். ஓட்டையை அடைத்த பிறகும் செல்லும். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைத் திறந்து, அதிலுள்ள சாவிகளையும் டோக்கன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தாம் சேர்த்ததாக நினைவில்லாததை நீக்கிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. எட்டு வருடங்களுக்கு முன்பே வேலையை விட்டுப்போன ஒருவரின் சாவி மட்டும் ஒன்று அகப்பட்டது.