விருப்பம், மௌனம், வாக்குமூலம்: இங்கிலாந்துப் போலீஸ் விசாரணை குறித்து

அதிகாரம் எப்போதும் கதவை உடைத்துக்கொண்டுதான் வரும் என்பதில்லை. 'ஒண்ணுமில்லைங்க, உங்க தரப்பையும் கேட்டுக்கலாம்னுதான், ஒரு நடை வந்துட்டுப் போங்க' என்று கூப்பிட்டும் வரும். இங்கிலாந்து, வேல்ஸின் குற்றவியல் நடைமுறையில் இந்தக் கூப்பிடுதலை ஏற்றுப் போவதற்குச் சட்டப் பெயரே உண்டு: தன்விருப்ப வருகை. கைது கிடையாது, லாக்கப் கிடையாது. ஆனால் உட்கார்ந்ததும் எச்சரிக்கை வாசகம் சொல்லப்படும், பேச்சு பதிவாகும். வந்தவர் அங்கே சந்தேகத்துக்குரியவர்.

அந்த வாசகத்தை ஒரு பிரதியாக வாசிக்கலாம். மூன்று வாக்கியங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொள்ளப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாவிட்டால், அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம். சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். முதல் வாக்கியம் கொடுத்ததில் பாதியை இரண்டாவது பிடுங்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது வாக்கியம், 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவிலிருந்து பிறந்தது. மௌனத்தை மட்டுமே வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது, வாஸ்தவம்தான். என்றாலும் மௌனத்துக்கும் அர்த்தம் கற்பிக்கும் உரிமை நீதிமன்றத்துக்குக் கிடைத்துவிட்டது. பேசுவதா, பேசாதிருப்பதா என்பதை முன்பின் போலீஸ் அறையைப் பார்த்திராத ஒருவர் தனியாக உட்கார்ந்து எப்படி முடிவு செய்வார்?

வழக்கறிஞர் தேவைப்படுவது இங்கேதான். என்ன குற்றம், எதனால் சந்தேகம் என்பதைப் புரிந்துகொள்ளப் போதுமான தகவலைப் போலீஸ் விசாரணைக்கு முன்பே தந்தாக வேண்டும். வழக்கறிஞர் அதை வாங்கிப் பார்த்து, கட்சிக்காரரோடு தனியே பேசுவார். பதில் சொல்வதா, 'நோ கமெண்ட்' என்பதா, எழுதித் தயாரித்த அறிக்கையைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதா என்று தீர்மானிக்க உதவுவார். முறையற்ற கேள்வி வந்தால் குறுக்கிடுவார்.

இந்த உரிமை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1972இல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் கொல்லப்பட்ட வழக்கில், வழக்கறிஞர் உடனில்லாமல் பெறப்பட்ட வாக்குமூலங்களை வைத்து மூன்று இளம் பையன்களைத் தண்டித்தார்கள். 1975இல் அத்தீர்ப்புகள் ரத்தாயின. அந்த அவமானத்தின் தொடர்ச்சியாக அமைந்த அரச ஆணையம் 1981இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து 1984ஆம் ஆண்டுப் போலீஸ், குற்றச் சாட்சியச் சட்டம் வந்தது. கைதானவர் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையை அதன் 58ஆம் பிரிவு சொல்கிறது. தானாக வந்தவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்கிறது 29ஆம் பிரிவு. ஆனால் எழுந்தவரை, சட்டப்படி அவசியம் என்று காட்ட முடிந்தால், அங்கேயே கைது செய்யலாம். 'விருப்பம்' என்ற சொல்லுக்குள் கைது ஒளிந்திருக்கிறது.

2012இல் திருத்தப்பட்ட நடைமுறைக் கோவை 'ஜி', கைதுக்கு முன் அதன் அவசியத்தை யோசிக்கும்படி போலீசை வற்புறுத்தியது. தன்விருப்ப விசாரணையை மாற்று வழியாகக் காட்டியது. நல்லதுதான். ஆனால் கைதானவருக்கென்று காவல் அதிகாரி ஒருவர் தனியே இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, சாதாரணமாக 24 மணி நேரம் என்ற கெடு இருக்கிறது. தானாக வந்தவருக்கு இவையில்லை. சுதந்திரமானவர் என்று சொல்லப்படுபவரைக் கண்காணிப்பற்ற ஓர் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். அங்கே அவர் பக்கம் நிற்கக்கூடியவர் வழக்கறிஞர் ஒருவரே.

இத்தனைக்கும் அது இலவசம். வருமானம் எவ்வளவென்று கேட்பதில்லை. விசாரணைக்கு முன்பே இதைப் போலீஸ் சொல்லியாக வேண்டும். கேட்டால் வழக்கறிஞர் கிடைக்கும்படி ஏற்பாட்டைத் தள்ளி வைக்க வேண்டும். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரும் செலவில்லாமல் கிடைப்பார். லண்டனில் வாழும் நம் ஈழத்து மக்களுக்கும் இது பொருந்தும்.

இருந்தும் பலர் வேண்டாமென்கிறார்கள். 'வக்கீலோட போனா தப்புப் பண்ணின மாதிரி ஆயிடாதா?' என்ற கூச்சம்தான். நிரபராதிக்கு வக்கீல் எதற்கு என்ற இந்தப் பொதுப்புத்தி போலீசுக்கு மிகவும் வசதியானது. அன்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாலும், குற்றச்சாட்டு மாதங்கள் கழித்துத் தபாலில் வரலாம். ஆகவே கூப்பிட்டால் போகலாம். தேதி குறிக்கும் முன்பே 'என் வழக்கறிஞரோடு வருகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு முன், வாசலில் நின்றுகூட விஷயத்தைப் பேச வேண்டாம்.