கப்பல்களின் இருப்பிடம் அறிதல்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் நம் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. நீளத்தாற் சிறிய ஆறுதான். ஆயினும் அதன் முகத்துவாரத்தை நாடிப் பிறநாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கிய காலம் மிகப் பழைமையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கொற்கையைக் கூறுகிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைப் பின்தள்ளியதால், கொற்கை இன்று கடலுக்குச் சில கல் தொலைவில் உள்நாட்டூராக நிற்கிறது. துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதியது அந்தக் காயலைத்தான். பின்னர் அப்பெருமை தூத்துக்குடிக்குச் சென்றது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அத்துறைமுகம், 2011 முதல் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இடங்கள் மாறினும் கரையில் நின்றவர்கள் கேட்ட வினா மாறவில்லை. “கப்பல் இப்போது எங்கே வருகிறது?” என்பதே அவ்வினா. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். அதன் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. இவ்விரு துறைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 150 கடல் மைல். கப்பலின் புகை அடிவானத்தில் மறைந்தபின், அது மறுகரை சேர்ந்தது என்னும் செய்தி வரும்வரை, அது எங்கே செல்கிறது என்று கரையில் இருந்தோர் அறிய வழியில்லை.

இன்றோ, பாளையங்கோட்டையில் பயிலும் ஒரு மாணவர் தம் கைப்பேசியில் கடல் வரைபடத்தை விரித்தால், சிறு அம்புக்குறிகள் பல ஊர்ந்து செல்வதைக் காணலாம். ஒவ்வோர் அம்பும் ஒரு கப்பல். அதனைத் தொட்டவுடன் கப்பலின் பெயர், கொடி, நீளம், வேகம், சேருமிடம் அனைத்தும் திரையில் தோன்றுகின்றன. இஃது எவ்வாறு இயல்கிறது? வானத்திலிருந்து எவரோ எல்லாக் கப்பல்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கப்பல்கள் தாமே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாம் அதனைக் கேட்கிறோம்.

இம்முறைக்குத் தானியங்கு அடையாள முறை என்று பெயர்; ஏ.ஐ.எஸ். என்று சுருக்கி வழங்குவர். கப்பலில் உள்ள ஒரு கருவி, ஜி.பி.எஸ். முதலிய செயற்கைக்கோள்களின் உதவியால் தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, வானொலி அலை வழியாக அறிவிக்கிறது. வேகமாகச் செல்லும் கப்பல் 2 நொடிக்கு ஒரு முறையும், மெதுவாகச் செல்வது 10 நொடிக்கு ஒரு முறையும், நங்கூரமிட்டு நிற்பது 3 நிமிடத்திற்கு ஒரு முறையும் இவ்வாறு அறிவிக்கும்.

நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் கூச்சலும் குழப்பமுமாக ஆகாதோ என்று நீங்கள் கேட்கலாம். தாமிரபரணிக் கால்வாய்களில் முறை வைத்து வயலுக்கு நீர் பாய்ச்சுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இங்கும் அதே முறைதான். ஒவ்வொரு நிமிடமும் 2,250 சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இரண்டு அலைவரிசைகள் இருப்பதால் நிமிடத்திற்கு 4,500 கூறுகள் கிடைக்கின்றன. கால்வாயில் மடையைத் திறந்து மூட ஒருவர் வேண்டும். கடலில் அத்தகைய மேற்பார்வையாளர் எவரும் தேவையில்லை. அடுத்துத் தான் எந்தக் கூற்றிற் பேசப்போகிறது என்பதை ஒவ்வொரு கருவியும் முன்னரே அறிவித்துவிடுகிறது. பிற கருவிகள் அந்தக் கூற்றை விட்டு விலகிக்கொள்கின்றன.

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. பூமியோ உருண்டை. ஆதலின் ஒரு கப்பலின் குரல் மற்றொரு கப்பலுக்கு ஏறத்தாழ 20 கடல் மைல் வரையே எட்டும். உயரமான இடத்தில் வாங்கியை அமைத்தால் இன்னும் தொலைவிலிருந்து கேட்கலாம். கலங்கரை விளக்கங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. நம் நாட்டின் கலங்கரை விளக்கத் துறை, கடற்கரை நெடுகிலும் இத்தகைய நிலையங்களை ஒரு சங்கிலித் தொடர்போல் அமைத்துள்ளது. முன்பு கப்பலுக்கு ஒளி காட்டி வழி சொல்லிய அதே கோபுரம், இப்போது கப்பல் சொல்வதைக் கேட்கவும் செய்கிறது. நடுக்கடலிலிருந்து வரும் குரல்களைச் செயற்கைக்கோள்கள் வாங்கித் தருகின்றன. 2007இல் கிரேக்க நாட்டின் ஈஜியன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு முயற்சியாகத் தொடங்கிய ‘மரைன் டிராபிக்’ முதலிய தளங்கள், பல நாடுகளில் ஆர்வலர்கள் தம் வீட்டு மாடிகளில் வைத்துள்ள வாங்கிகளின் செய்திகளையும் திரட்டி நமக்கு அளிக்கின்றன.

இந்த வரைபடம் மாணவர்க்கு நல்லதொரு புவியியற் பாடமும் ஆகும். மேற்கிலிருந்து மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் பெருங்கப்பல்கள் குமரிக்கும் தெற்கே இறங்கி, இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போவதைக் காணலாம். அவை ஏன் பாக்கு நீரிணையின் வழியே குறுக்கே செல்லவில்லை? இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகளும் ஆழமற்ற கடலுமே காரணம். வகுப்பறையில் ஒரு வரியாகப் படிக்கும் செய்தி, திரையில் கப்பல்களின் நீண்ட ஊர்வலமாக நம் கண்முன் நிற்கிறது.

இனி, இந்த வரைபடத்தை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதையும் கூற விரும்புகிறேன். இருப்பிடத்தையும் வேகத்தையும் கருவி தானே அளக்கிறது. சேருமிடத்தையோ கப்பல் அலுவலர் கையால் எழுதுகிறார்; அவர் மாற்ற மறந்தால், சென்ற பயணத்தின் துறைமுகமே திரையில் நிற்கும். கப்பலின் பெயரும் கொடியும் மாறக்கூடியவை. ஆனால் அதற்கென வழங்கப்பட்ட ஏழிலக்க எண், அதன் ஆயுள் முழுவதும் மாறாது. ஆதலின் ஒரு கப்பலை அறிய விரும்புவோர் அவ்வெண்ணையே பற்றிக்கொள்ளுதல் நலம். கருவியை அணைத்துவிட்டு மறைவாகச் செல்லும் கப்பல்களும், பொய்யான இருப்பிடத்தை அறிவிக்கும் கப்பல்களும் உண்டு. தானே கூறும் சாட்சியத்தில் இக்குறை இயல்பே.

இவற்றினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஒரு நாள் விடியற்காலையில் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரையிலான கடலை இவ்வரைபடத்திற் பார்த்தேன். துறைமுகத்தின் அருகே சில அம்புகள் நின்றன; மற்ற இடமெல்லாம் வெறும் நீலம். ஆனால் அந்த நேரத்தில் மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் முதலிய ஊர்களின் வள்ளங்கள் வலையுடன் அந்த நீலத்தினுள்ளேதான் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் திரையில் இல்லை.

காரணம் யாதெனில், பன்னாட்டுச் சட்டம் பெரிய கப்பல்களையே கட்டுப்படுத்துகிறது. பிறநாடுகளுக்குச் செல்லும் கப்பல்களுள் 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உடையவையும், எல்லாப் பயணிகள் கப்பல்களும் இக்கருவியை வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதி 2004ஆம் ஆண்டின் இறுதிக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் காப்பதே அவ்விதியின் முதல் நோக்கம். வள்ளமும் நாட்டுப்படகும் அவ்விதிக்குள் வாரா. எனவே கப்பலின் மேல்தளத்தில் நின்று திரையை மட்டும் நோக்கும் மாலுமிக்கு, எதிரே இருக்கும் சிறு படகு இல்லாத பொருளாகிவிடுகிறது. ரேடாரும், எல்லாவற்றினும் மேலாக விழித்திருக்கும் மனிதக் கண்ணும் இன்றியமையாதவை என்று கடல் விதிகள் வற்புறுத்துவது இதனாலேயே. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் நடுக்கடலில், பேப்பூரிலிருந்து சென்ற ஒரு மீன்பிடி விசைப்படகும் ஒரு சரக்குக் கப்பலும் நள்ளிரவில் மோதின. படகில் இருந்த 14 பேரிற் பாதிப் பேர் தமிழ்நாட்டினர். உயிருடன் மீண்டவர் இருவரே.

இக்குறையைப் போக்கும் முயற்சியும் தொடங்கியுள்ளது. ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியாகக் கரையுடன் இருவழியும் செய்தி பரிமாறும் கருவியை இலவசமாக வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, தொலைகடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அத்தகைய இடர்க்காலத்தில் செய்தியைப் பெறவும், துன்பத்திற் சிக்கினால் உதவி கேட்கவும் இக்கருவி பயன்படும். ஆயினும் இது ஏ.ஐ.எஸ். அன்று; கரையோடு பேசும் கருவியே. எதிரே வரும் கப்பலுக்கு அது படகைக் காட்டாது.

மாணவ நண்பர்களே, கொற்கைத் துறையில் நின்றவர் காணாததை நீங்கள் வீட்டிலிருந்தே காண்கிறீர்கள். மகிழ்ந்து காணுங்கள், ஆராய்ந்தும் காணுங்கள். பேசுகின்ற கப்பல்களின் பட்டியலே அவ்வரைபடம். கடலில் உள்ளோர் அனைவரின் பட்டியலும் அன்று. உங்களுள் சிலர் நாளை மாலுமிகளாகலாம். சிலர் கருவிகளை ஆக்கும் பொறியாளர்களாகலாம். திரையில் நீலமாக மட்டும் தெரியும் இடத்திலும் ஒரு வள்ளமும் நான்கு மனிதர்களும் இருக்கக்கூடும் என்னும் நினைவு அன்று உங்களுக்கு இருக்குமாயின், அதுவே இந்தக் கல்வியின் பயன்.