இளவரசன் போட்ட உடுப்பு

இங்கிலாந்தில் 1846-ம் ஆண்டு. விக்டோரியா ராணியின் மூத்த மகன் ஆல்பர்ட் எட்வர்டுக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. அரச குடும்பக் கப்பலின் தையற்காரர், மாலுமிகள் போடுவது போலவே அவனுக்கு ஒரு வெள்ளை உடுப்பு தைத்துக் கொடுத்தார். வின்டர்ஹால்ட்டர் என்ற ஓவியர் அந்தக் கோலத்திலேயே இளவரசனைப் படம் வரைந்தார். அவ்வளவுதான்! நாளடைவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் கோட்டுகளில் அகன்ற காலரும், நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான்களும் ஏறிவிட்டன. இளவரசனின் உடுப்பு கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பட்டாளத்து உடையையும் விட்டு வைக்கவில்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையிலிருந்த சுவாவ் வீரர்களின் குட்டைச் சட்டை, 1860-களில் சிறுவர்களின் மேல்சட்டையாயிற்று. முன்பக்கத்தை வளைத்து வெட்டி, ஓரமெல்லாம் பின்னல் நாடா வைத்துத் தைப்பார்கள். 1851-ல் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் பரவியதும் வேலை சுலபமாயிற்று. ஆனால் வேலைப்பாடு குறையவில்லை. நாடாதான் இன்னும் அதிகமாயிற்று!

1856-ல், 18 வயது வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அதன்பின் வண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. சிப்பிப் பொத்தான்கள் பர்மிங்காம் பட்டறைகளிலிருந்து வந்தன. 1886-ல் பிரான்செஸ் ஹாட்சன் பர்னெட்டின் 'லிட்டில் லார்டு பான்ட்லிராய்' கதை நூலாக வெளிவந்ததும், வெல்வெட் கோட்டுக்கும் லேஸ் காலருக்கும் மவுசு பிறந்தது. தாய்மாருக்கு ஆனந்தம், பையன்களுக்கோ அவஸ்தை!

தைத்தவர்கள் யார்?

லண்டன் தையல் தொழிலாளர்களின் நிலையை 1849-ல் 'மார்னிங் கிரானிக்கிள்' பத்திரிகையில் ஹென்றி மேஹ்யூ எழுதினார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நூலையும், இரவு வேலைக்கு மெழுகுவர்த்தியையும் பெண்கள் தங்கள் கைக்காசிலேயே வாங்க வேண்டும். கழித்துப் பார்த்தால் மிஞ்சியது சில பென்ஸ்தான்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது பெரியவர்களின் பழைய கோட்டு. அதை வெட்டிச் சிறிதாக்கிப் போடுவார்கள். அண்ணனுக்குப் பின் தம்பி போடுவான். கிழிந்தால் ஒட்டு, ஒட்டும் தாங்காவிட்டால் கந்தல் வியாபாரி. யார்க்ஷயரிலுள்ள பேட்லி ஊர் ஆலைகளில் கம்பளிக் கந்தல் அரைபட்டு, மீண்டும் நூலாகி, மலிவுத் துணியாயிற்று.

அதனால்தான் அருங்காட்சியகங்களில் செல்வர் வீட்டுக் கோட்டுகளே அதிகம். பின்னல் நாடா வைத்துத் தைத்தவளின் கைவேலையை அங்கே பார்க்கலாம். அவள் பிள்ளை போட்ட கோட்டைத்தான் பார்க்க முடியாது.